சிரிலோவின் சாப்பாட்டு முறை

அன்று சிரிலோவுக்குச் சாப்பாடு போடும் முறை என் வீட்டுக்கு.

எங்கள் மலைக்கு அரசாங்கப் போலீஸ் வருவது அபூர்வம். ஊர்க்கூட்டம் கை தூக்கித் தேர்ந்தெடுப்பவர்கள்தான் காவல். சம்பளம் கிடையாது. இந்த வருடம் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். என் மனைவி ஹெர்மெலிண்டா போன பிறகு, வேண்டாம் என்று தடுக்க என் வீட்டில் ஆள் இல்லை.

சந்தைக்குப் போன லாரியை மறித்துக் கொள்ளையடித்தபோது அதில் இருந்த அவளைச் சுட்டுக் கொன்றவன் சிரிலோ. கூட்டத்தின் நடுவில் நின்று ஒப்புக்கொண்டான். எங்களிடம் சிறை இல்லை. குற்றவாளி பகலெல்லாம் சாலைக்குக் கல் உடைப்பான். வீடு மாற்றி வீடு சாப்பாடு போடும்.

"உன் வீட்டைத் தாண்டிடலாம் வாத்தியாரே," என்றார் கூடக் காவல் நிற்கும் டோன் எபிஃபானியோ.

"முறைன்னா முறைதான்."

"பீன்ஸையாவது தீய விடு."

தீய விடவில்லை. அவன் வாசற்படியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது டவுனிலிருந்து போலீஸ் ஜீப் வந்தது.

"யாரைக் கேட்டு இவனப் புடிச்சு வச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி. "இதுக்குப் பேரு ஆள்கடத்தல்."

"கொன்னேன்னு அவனே சொன்னான் சார்," என்றேன்.

"உங்க கூட்டத்துல சொன்னது கோர்ட்ல செல்லாது. பாத்தவங்க ஒருத்தர் டவுனுக்கு வந்து சாட்சி சொல்லட்டும். நானே உள்ள தள்றேன்."

டோன் எபிஃபானியோ கோயில் மணியை அடித்தார். ஊர் கூடியது. லாரியில் வந்த அத்தனை பேரும் இருந்தார்கள். சிரிலோவை விசாரித்த கூட்டத்தில் ஒருவரை முந்திக்கொண்டு ஒருவர் பேசியவர்கள். எனக்காகத் தூக்கிய கைகள் இப்போது போர்வைக்குள் இருந்தன. டவுனில் சிரிலோவின் அண்ணன்மார் இருக்கிறார்கள்.

லாரி ஓட்டும் நசாரியோவைப் பார்த்தேன். அவன் ஜீப்பின் டயரைப் பார்த்தான்.

"தினம் அந்த ரோட்டுலதான் என் பொழப்பு வாத்தியாரே."

"நான் வரேன்," என்றேன் அதிகாரியிடம்.

"நீ பாத்தியா?"

"இல்ல. பள்ளிக்கூடத்துல இருந்தேன்."

"அப்பறம் என்ன?"

சிரிலோ கடைசிச் சோள ரொட்டியால், தோர்த்தியாவால், கிண்ணத்தைத் துடைத்துத் தின்றான். கிண்ணத்தை என் கையில் கொடுத்தான்.

"நல்லாயிருந்துச்சு வாத்தியாரே."

சிரிலோவை விடுவித்து ஏற்றிக்கொண்டு ஜீப் மலை இறங்கிப் போனது. கூட்டம் கலைந்தது. டோன் எபிஃபானியோ என் தோளைத் தொட்டார்.

பக்கத்து வீட்டு டோனா ஒபுலியா மட்டும் நின்றாள்.

"அப்ப நாளைக்கு எங்க முறை இல்லையாப்பா? பீன்ஸ் ஊறப் போட்டுட்டேனே."

"இல்லம்மா," என்றேன்.

கிண்ணத்தைக் கழுவினேன். அது ஹெர்மெலிண்டா சந்தையில் வாங்கியது.