பெண்குரல் அபுபக்கர்

பாடகி பரிபூரணம் வரமாட்டாள் என்ற செய்தி வந்தபோது மேடையில் மைக்குகளை நிறுத்தி முடித்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம், மாலை வரவேற்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் உட்காருவதும் போட்டோகிராபர் சொன்னதும் எழுந்து நிற்பதுமாக இருந்தார்கள். பரிபூரணத்தைக் கூட்டிவரப் போயிருந்த காமராஜ் தனியாக வந்தான். செட்டியார்பட்டியில் பஸ் ஏற நின்றவளை அவள் அண்ணன் மறித்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டானாம். வரன் பார்த்திருக்கிறார்களாம். மேடையில் பாடுகிற பெண் என்று தெரிந்தால் தட்டிப்போய்விடும் என்கிறார்களாம்.

சோலைச்சாமி பாட்டு நோட்டைக் கீபோர்டின் மேல் விரித்துப் பக்கங்களைப் புரட்டினார். சஞ்சீவி மெல்லிசைக் குழு அவருடையது. பகலில் ராஜபாளையத்தில் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவர், சாயங்காலமானால் குழுத் தலைவர். இரண்டு பாட்டில் ஒன்று ஜோடிப் பாட்டு. காமராஜ் ஒருவனைப் பாடவைத்து மூன்று மணி நேரத்தை ஓட்ட முடியாது. அப்போதுதான் பாங்கோஸ் வாசிக்கிற அபுபக்கர், ஏதோ தண்ணீர் கேட்பதுபோல, "நான் பாடட்டுமா அண்ணாச்சி?" என்றான்.

"நீ என்னத்தலே பாடுவ? காமராசு இருக்கான்ல அதுக்கு."

"பொம்பளப் பாட்டு."

அவன் அப்படிப் பாடுவான் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. அபுபக்கர் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தான். அங்கே பக்கத்து ஆளிடம் பேசவேண்டுமென்றால் அவன் காதில் வாயை வைத்துக் கத்தவேண்டும். தன் குரலில் பாடினால் அந்த இரைச்சலில் தனக்கே கேட்பதில்லை. ஒருநாள் குரலை மேலே ஏற்றிப் பாடிப் பார்த்தான். கேட்டது. எந்திரங்களின் சத்தத்துக்கு மேலே ஒரு நூல் இழைபோல அது தனியாக ஓடியது. அதன் பிறகு ஷிப்ட் முழுக்க அப்படித்தான். பக்கத்தில் நின்றவர்கள் அவன் வாய் அசைவதை மட்டும் பார்த்தார்கள். வெற்றிலை மெல்லுகிறான் என்று நினைத்திருக்கலாம்.

அன்றைக்கு அவனை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நிறுத்திப் பாடவைத்தார்கள். முதல் பாட்டில் யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை. வரவேற்புக் கச்சேரியில் பாட்டைக் கேட்க யாரும் வருவதில்லை. மொய் எழுதுவார்கள், போட்டோ எடுப்பார்கள், பந்திக்கு இடம் பிடிக்க ஓடுவார்கள். இரண்டாவது பாட்டில் முன்வரிசைப் பெண்கள் சிலர் கழுத்தை நீட்டி, பாடுகிறவளைத் தேடினார்கள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் பெண்வீட்டு அம்மாள் ஒருத்தி தட்டில் மல்லிகைச் சரத்தோடு மேடை ஏறி, "அந்தப் பிள்ளைக்கு வச்சுவிடுறேன்" என்று பெட்டிக்குப் பின்னால் போய், மீசை வைத்த ஆளைப் பார்த்துத் திகைத்து நின்றாள். பிறகு சிரித்துக்கொண்டே சரத்தைப் பெட்டியின் மேல் போட்டுவிட்டு இறங்கிவிட்டாள். அது 1987ஆம் வருடம்.

செய்தி அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி மெகராஜ் பேகம் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் அவனுக்கு மாமன் மகள்.

"பொம்பளக் கொரல்ல பாடுனியளாமே மச்சான்?"

"ஆள் வரல. அதான்."

"எங்க, பாடுங்க பாப்பம்."

வெட்கப்பட்டுக்கொண்டு பாடினான். அவள் சிரிக்கவில்லை. முழுப் பாட்டையும் கேட்டாள்.

"தொண்டைய ஏன் இந்த இறுக்கு இறுக்குறிய? பொம்பளைக்குக் கொரல் மேல இருக்குனா, கத்திக்கிட்டா இருப்பா?" என்றவள், அதே வரிகளைத் தாழ்ந்த குரலில் பாடிக்காட்டினாள். அடுத்த வீட்டுச் சுவருக்குக் கேட்காத அளவு. கல்யாணமாகி ஆறேழு வருடத்தில் அவள் பாடி அவன் கேட்டதில்லை. அவள் அம்மி அரைக்கும்போது ஏதோ முனகுவாள் என்பதுதான் அவனுக்குத் தெரியும். அந்த முனகலுக்குள் ரேடியோவில் வந்த பாட்டெல்லாம் மூச்சு எடுக்கிற இடம் உட்பட அப்படியே இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு பாட்டும் அடுப்படி வழியாகத்தான் மேடைக்குப் போனது. டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கினான். அவள் பாட்டை ஓடவிட்டுக் கேட்பாள், நிறுத்துவாள், பாடுவாள். அவன் வாசல்படியில் உட்கார்ந்து திருப்பிப் பாடுவான். சில இடங்களில் அவள் டேப்பில் இல்லாத ஒன்றைச் செய்தாள். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் முன், மேலே நிற்கவேண்டிய குரலைக் கீழே இறக்கி, செத்த நேரம் அங்கேயே இருத்தி, பிறகு எடுத்தாள். "பாட்டுல அப்படி இல்லையே" என்றான். "இல்லதான். இருந்தா நல்லா இருக்கும்ல?" என்றாள். அவன் யோசித்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மூன்று வருடங்கள் குழுவுக்கு நல்ல காலம். நோட்டீஸில் 'பெண்குரல்: அபுபக்கர்' என்று தனி வரியாகப் போட்டார்கள். கான்சாபுரத்தில் காதுகுத்து, ராஜபாளையத்தில் பள்ளி ஆண்டுவிழா, ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபங்களில் மாதத்துக்கு இரண்டு மூன்று வரவேற்பு. ஜெனரேட்டர் நின்றுபோய் மைக் இல்லாமல் பாடியிருக்கிறான். பந்தியில் இடம் இல்லையென்று கடைசியில் ரசம் மட்டும் கிடைத்த நாட்களும் உண்டு. எல்லா ஊரிலும் ஒன்று மட்டும் ஒரேமாதிரி நடந்தது. அந்த இறங்குகிற இடம் வந்ததும் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு மேடையைப் பார்ப்பாள். அபுபக்கர் இப்போது பெட்டிக்குப் பின்னால் நிற்பதில்லை. அந்த முகத்தை அவன் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடிப்பான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், "தானா வந்தது" என்பான். வேறு என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுப் பெண்ணின் பேரைக் கூட்டத்தில் சொல்வது அவர்கள் தெருவில் வழக்கமில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சேலை கட்டிக்கொண்டு பாடவேண்டும். மாப்பிள்ளையின் கூட்டாளிகள்தான் கேட்பார்கள். அபுபக்கர் சிரித்தபடி தலையை ஆட்டிவிடுவான். சோலைச்சாமியும் கட்டாயப்படுத்தியதில்லை.

தொண்ணூறாம் வருடம் மம்சாபுரத்தில் வீரணன் தங்கச்சிக்குக் கல்யாணம். வீரணன் மில்லில் அபுபக்கருக்குப் பக்கத்து எந்திரம். வீட்டோடு வரவேண்டும் என்று இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனான். மெகராஜ் பேகம் முதல்முதலாகக் கச்சேரி பார்க்கக் கிளம்பினாள். முகூர்த்தம் முடிந்து, பந்தல் போட்ட தெருவில் முற்பகல் கச்சேரி. பெண்கள் பக்கத்தில், வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே அவளுக்கு இடம் கிடைத்தது.

இரண்டாவது பாட்டில் அந்த இடம் வந்தது. வெயிலில், சாம்பார் வாசனைக்கு நடுவில், தெருமுனைக்கும் அதைத் தாண்டி வயக்காட்டுக்கும் கேட்கிற சத்தத்தில், அவள் அடுப்படியில் சுவருக்குப் பயந்து முனகியது மேலேயிருந்து இறங்கி வந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "ஏட்டி, இது பொம்பள இல்லையாம்ல? யாரு பெத்த பிள்ளையோ, என்னமாப் பாடுது" என்று தன் மறுபக்கத்துக்காரியிடம் சொன்னாள். மெகராஜ் பேகம் திரும்பி, "எங்க வீட்டு ஆளுதான்" என்றாள். சொன்ன பிறகு அவர்கள் இருவரும் தன்னைப் பார்த்த பார்வை அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த பாட்டுக்கு முன்னால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரு பச்சைச் சேலையோடு மேடை ஏறினார்கள். அபுபக்கர் வேண்டாம் என்றான். கீழே விசில் பறந்தது. சோலைச்சாமி கீபோர்டை விட்டு எழுந்து வந்து அவன் காதில், "வீரணனுக்கு சம்மந்தக்காரனுக, தம்பி. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும்" என்றார். வீரணனும் கீழேயிருந்து கும்பிட்டான். அபுபக்கர் பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்தான். வெயில் கண்ணில் அடித்தது. அவளை அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. பேண்ட்டின் மேலேயே சேலையைச் சுற்றிவிட்டார்கள். தலைப்பைத் தலையில் போட்டதும் கூட்டம் எழுந்து கத்தியது. அந்தச் சத்தம் அவன் மூன்று வருடத்தில் கேட்காத சத்தம். அவன் இடுப்பை லேசாக அசைத்தான். சத்தம் இன்னும் கூடியது. அதன் பிறகு அவன் எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. இறங்குகிற இடம் வந்தபோது குரலை விக்கல்போல உடைத்து, தலைப்பால் வாயைப் பொத்தி, மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணடித்தான். நாற்காலிகள் சரிந்தன.

பக்கத்தில் இருந்தவள் சிரித்துக்கொண்டே மெகராஜ் பேகத்தின் தொடையில் தட்டினாள். அவளும் சிரித்தாள். பிறகு பந்தியில் உட்கார்ந்து எல்லோரையும்போலச் சாப்பிட்டாள். வீரணனின் தங்கச்சிக்குக் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குவாளியை மறக்காமல் கொடுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது அவன்தான் ஆரம்பித்தான்.

"சும்மா ஒரு தமாசுக்கு."

"ஆமா. எல்லாரும் சிரிச்சாக."

அதற்கு மேல் அதைப்பற்றிப் பேச்சு இல்லை. சண்டை இல்லை, அழுகையும் இல்லை. ஒரு வாரம் கழித்து அவன் புதுப் பாட்டின் டேப்பைப் போட்டு, "இந்த எடத்துல எப்படி எடுக்க?" என்று கேட்டான். அவள் மீனுக்கு உப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். "டேப்புல எப்படி இருக்கோ, அப்படியே பாடுங்க மச்சான்" என்றாள். அடுத்த தடவையும் அதைத்தான் சொன்னாள். அம்மியில் அரைக்கும்போதுகூட இப்போது கல்லின் சத்தம் மட்டும் கேட்டது.

டேப்பில் இருந்தபடியே அவன் பாடினான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் அவனை உறுத்தியது. கச்சேரிகள் குறையவில்லை, கூடின. ஜிகினா வைத்த ரோஸ் சேலை ஒன்றை வாங்கி வாத்தியப் பெட்டியோடு வைத்துக்கொண்டார் சோலைச்சாமி. அதை உடுத்துவதற்குத்தான் இப்போது முன்பணம் கொடுத்துப் போனார்கள். பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு மேடையைப் பார்க்கும் அந்த ஒரு முகத்தை மட்டும் எந்த ஊரிலும் காணவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வரவேற்பில், பாட்டுக்கு முன்னால் சோலைச்சாமி சேலையை நீட்டியபோது அபுபக்கர் வாங்கவில்லை.

"இனிமே நான் பாடல அண்ணாச்சி. பாங்கோஸ் மட்டும் வாசிக்கேன்."

"என்னலே ஆச்சு? யாராவது ஏதும் சொன்னானுகளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

சோலைச்சாமி கொஞ்ச நாள் கோபமாக இருந்தார். பிறகு முத்துப்பேச்சி என்று ஒரு பெண்ணைச் சேர்த்தார். அவளுக்கு வீட்டில் தடையில்லை, அவள் புருசனே சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். நன்றாகத்தான் பாடினாள். அபுபக்கர் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தான். மில்லில் அவன் வாய் அசைவது நின்றுபோயிருந்ததை வீரணன் மட்டும் கவனித்தான். வெற்றிலையை விட்டுவிட்டாயா என்று கேட்டான்.

தொண்ணூற்று நான்கில் மெகராஜ் பேகத்தின் அக்கா மகள் அசீனாவுக்கு நிக்காஹ். முந்தின நாள் மத்தியானம் பெண்ணுக்கு மருதாணி வைக்கும் சடங்கு. மாடியில் பெண்கள் மட்டும் கூடுவார்கள். அன்று காலையில் மெகராஜ் பேகம் கீழே இறங்கி வந்து, பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்த அபுபக்கரைத் தனியே அழைத்தாள்.

"சோலைச்சாமி அண்ணன்ட்ட ஒரு மைக்கு கெடைக்குமா?"

"கெடைக்கும். யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பந்தல்காரனின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெளிய கேக்கக்கூடாது. குழாயெல்லாம் கட்டவேண்டாம். உள்ளுக்குள்ள ஒரு பொட்டி போதும். நீங்களே வந்து மாட்டுங்க, வேற ஆம்பளய அனுப்பிடாதிய."

அவன் சைக்கிளில் போய் எல்லாவற்றையும் எடுத்துவந்தான். பெண்கள் வருவதற்கு முன்னால் மாடியில் பெட்டியையும் மைக்கையும் வைத்து, ஒயரைக் கதவுக்கு அடியில் விட்டு, படிக்கட்டின் திருப்பத்தில் ஆம்ப்ளிஃபயரை வைத்தான். குழாய் ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றிச் சுருட்டி ஓரமாகப் போட்டான். ஒருதடவை ஊதிப் பார்த்து, சத்தத்தை அளவாக வைத்து, எவ்வளவு தூரத்தில் வாயை வைக்கவேண்டும் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் மைக்கைக் கையில் எடுத்திருந்தாள். தூரம் சரியாகத்தான் இருந்தது.

மத்தியானம் பெண்கள் மேலே போனார்கள். கதவைச் சாத்தி, துணி வைத்து இடுக்கையும் அடைத்தார்கள். அதுவரை கேட்ட கொலுசுச் சத்தமும் சிரிப்பும் அதோடு அடங்கின. கீழே பிரியாணிக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். அபுபக்கர் படியில் உட்கார்ந்திருந்தான். கதவு பழைய தேக்குக் கதவு. விறகு விழும் சத்தத்துக்கு நடுவே காதைத் தீட்டியும் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்ன பாட்டு என்றுகூடத் தெரியவில்லை. கீழேயிருந்து மாமனார், "மேல என்னமும் ஓடுதா மாப்ள?" என்று கேட்டார்.

"ஓடுது மாமா."

ஆம்ப்ளிஃபயரின் முகப்பில், மஞ்சள் வெளிச்சம் போட்ட சின்னக் கண்ணாடிக்குள், குரலின் அளவைக் காட்டும் முள் எழுந்தது. பாதி தூரம் போய் நடுங்கி நின்றது. இறங்கியது. மறுபடி எழுந்தது. அவன் படியில் இன்னும் கொஞ்சம் குனிந்து, கண்ணாடியில் வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி இருந்தான்.