தாளில் இல்லாத வீக்கம்

சலவைக்கூடத்தில் காலை ஐந்து மணிக்கு நின்றவள் பன்னிரண்டுக்குத்தான் நகர்ந்தேன். சுற்றுலாக் கப்பல் வந்திருந்த வாரம் அது. ஹோட்டல் விரிப்புகளுக்கு முடிவே இல்லை. அங்கிருந்து பேருந்து பிடித்து, மலைமேல் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்குப் போய் நோயாளியாக நடித்துப் படுக்க வேண்டும். அதுதான் என் இரண்டாவது வேலை. அமெரிக்காவிலிருந்து டாக்டருக்குப் படிக்க வரும் பிள்ளைகள் எங்கள் உடம்பைத் தொட்டுத்தான் பழகுகிறார்கள். ஜாதிக்காய் மரங்கள் புயலில் போன பிறகு கிரெனடாவில் எங்களுக்கு இதுவும் ஒரு பிழைப்பு.

காத்திருக்கும் அறையில் ஃபிட்ஸ்ராய் உட்கார்ந்திருந்தான். மீன்பிடிக்கிறவன். எட்டு வருடமாக அவனுக்கு இங்கே மாரடைப்பு வந்துகொண்டிருக்கிறது.

“இன்னைக்கு உனக்கு என்ன, டெல்சி?”

“வயித்துவலி.”

“போன வருஷமும் அதேதான? உனக்குப் பதவி உயர்வே கிடையாதா?”

“காலை நீட்டிப் படுக்கச் சொல்றாங்களே, அதுவே பெரிய பதவிதான். வாயை மூடு.”

அவன் பார்வை என் காலுக்குப் போனது. “ஏய், என்ன இது, ஈரப்பலாக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு?”

“மெதுவாப் பேசு. மிஸ் ஜெனீவ் காதுல விழுந்தா போச்சு.”

நான்கு மாதமாக அப்படித்தான். ராத்திரி முள்சீத்தா இலையை வைத்துக் கட்டினால் விடிவதற்குள் கொஞ்சம் வடியும். நின்றால் மறுபடி வந்துவிடும். எங்களை மேய்க்கும் மிஸ் ஜெனீவுக்கு ஒரே சட்டம்: நோய் நடிக்க வருகிறவருக்கு நோய் இருக்கக் கூடாது. இருந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். கப்பல் வராத மாதங்களில் சலவைக்கூடம் கூப்பிடாது. இந்த மலை மட்டும்தான் கூப்பிடும்.

அன்று மாணவர்களுக்குத் தேர்வு. நான் நடிக்க வேண்டியதை எழுதிக் கொடுத்த தாளை இரண்டு முறை படித்தேன். நாற்பத்தாறு வயதில் எழுத்து கற்றவள், ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டுத்தான் போவேன். பெயர் மிஸஸ் கார்ட்டர். ஆசிரியை. வலப்பக்கம் வயிற்றுவலி. கால்: வீக்கம் இல்லை.

உள்ளே வந்த மாணவன் ஒல்லியாக இருந்தான், கை வியர்த்திருந்தது. வயிற்றை அமுக்கினான். நானும் சரியான இடத்தில் முனகினேன். அதோடு போயிருக்கலாம். போர்வையை விலக்கி, காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தான். பள்ளம் அப்படியே நின்றது.

“எத்தனை நாளா இப்படி, மிஸஸ் கார்ட்டர்?”

“வீக்கம் இல்லை, டாக்டர்.”

“பள்ளம் விழுதே.”

“தாள்ல இல்லை, டாக்டர்,” என்றேன், உதடு அசையாமல்.

மூலையில் தேர்வைப் பதிவுசெய்துகொண்டிருந்த கேமராவை ஒருமுறை பார்த்தான். “படுத்தா மூச்சு முட்டுதா? எத்தனை தலையணை வைக்கிறீங்க?”

மூன்று. அதுவும் தாளில் இல்லை. மணி அடித்தது.

கொஞ்ச நேரத்தில் மிஸ் ஜெனீவ் வந்தாள். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் மோசம்.

“அந்தப் பையன் உங்க கால்ல வீக்கம்னு எழுதியிருக்கான், மிஸ் டெல்சி. தாள்ல இல்லாததை எழுதினதுக்கு மார்க் போச்சு. மாத்திக்கோன்னா, ‘நான் பாத்தேனே’ங்கிறான். போர்வையை எடுங்க.”

எடுத்தேன். பார்த்தாள்.

“டாக்டர்கிட்ட காட்டி, கடுதாசியோட வாங்க. அதுவரைக்கும் பட்டியல்ல பேரு இருக்காது.”

“எங்க ஊருக்கு டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவாரு. போன ரெண்டு செவ்வாயும் வரலை.”

ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் கோட்டுகள் கும்பலாகச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தன. இருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“படிவத்தை மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்க,” என்றாள்.

மாணவனைப் பற்றி நோயாளி நிரப்ப வேண்டிய படிவம். கனிவாகப் பேசினாரா? ஆம். கவனமாகப் பார்த்தாரா? அவன்மேல் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆம். கடைசிக் கேள்வி: இந்த மருத்துவரிடம் மறுபடியும் போவீர்களா? டிக் போட்டு, பக்கத்தில் மெதுவாக எழுதினேன்: படித்து முடித்த பிறகும் இவர் இங்கேயே இருந்தால்.

மிஸ் ஜெனீவ் படித்தாள். “டிக் மட்டும்தான் போடணும், மிஸ் டெல்சி. எழுதக் கூடாது.”

“பேனாவுல எழுதிட்டேனே,” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன். காலில் ஏறவில்லை. கையில் எடுத்துக்கொண்டு பேருந்துக்கு இறங்கினேன்.