சொல்லாமல் விட்ட வெடிப்பு

நிலம் நடுங்கி ஓய்ந்த மறுநாள், ஆடு தேடிப் போன லுபாபாதான் அந்தப் புது வெடிப்பை முதலில் பார்த்தாள். கருங்கல் தரை ஒரு முழ அகலத்துக்குப் பிளந்து உள்ளிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அதன் வாயில் கல்லை அடுக்கிப் பாயால் மூடினால் ஆவி குளிர்ந்து ஒரு நாளைக்கு அரைக்குடம் தண்ணீர் சேரும். ஆற்றுக்கு நடப்பதென்றால் அரை நாள். அவள் கல்லை அடுக்கினாள். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கணவனின் தாய்மாமன் காஸ், ஒட்டகத்தோடு அந்த வழியே வந்தார். அந்தப் பாலைநிலத்து அஃபார் ஆட்கள் வழியில் சந்தித்தால் டாகு என்னும் வழிச்செய்தி சொல்லாமல் பிரிவதில்லை. உட்கார்ந்து, கண்டது கேட்டதை எல்லாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

"மழை எங்கயாச்சும் உண்டாம்மா?"

"அது நம்ம பக்கம் வர வழிய மறந்துடுச்சு மாமா."

அவர் சிரித்தார். "சரி, பாதை எப்படி?"

"பழைய மாதிரிதான்."

வெடிப்பு பாதை வரை போயிருக்காது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் தனியாக நடந்து வந்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள். குவளையைத் தொடாமல் டாகுவை ஆரம்பித்தார்.

"ஒட்டகம் போச்சு. பாதையிலயே, மேல மண்ணு மூடியிருந்த வெடிப்புல கால் இறங்கி முறிஞ்சுது. நானே அறுத்தேன். அந்த வெடிப்பு ஓரமாவே நடந்து வந்தேன். ஒரு இடத்துல கல்லு அடுக்கியிருந்துச்சு. மேல கிடந்த பாய் உன் கை முடைஞ்சது." குரலில் கோபமே இல்லை. "இப்ப நீ சொல்லு. உன் டாகு என்ன?"

லுபாபாவுக்குக் காது வரை சுட்டது.

"நான் பாத்தேன் மாமா. தண்ணிக்காக ஒளிச்சேன்."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார்.

"வழியில டாகு சொல்றப்ப என் பேரை மட்டும் விட்டுடுங்க மாமா."

"விட்டா, நானும் ஒளிச்சவன் ஆயிடுவேனே பொண்ணே."

சந்தைக்குப் போன கணவன் இரண்டு நாளில் திரும்புவான். எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் அவனிடம் சொல்வார்கள். லுபாபா ஆடுகளை அடைத்துவிட்டு, தானே முதலில் சொல்ல அவன் வரும் பாதையில் இறங்கினாள்.

முதலில் எதிர்ப்பட்டவன் முன்பின் தெரியாத உப்பு வியாபாரி. ஒட்டகங்களை நிறுத்திவிட்டு உட்கார்ந்து டாகு கேட்டான். அவள் முக்காட்டை முகத்துக்கு இழுக்கப் போனாள். பிறகு கையை எடுத்துவிட்டு, வெடிப்பைப் பார்த்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.