நடுப்பலகை

மணவாளன் அண்ணனும் அவர் மச்சான் ராஜமாணிக்கமும் பேசிக்கொள்வதில்லை என்பது உப்பங்கழி நடுவில் இருக்கிற எங்கள் திட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேசாத இரண்டு பேர் ஆளேற்றிப் போகிற ஒரே படகில் வேலை செய்தால், நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் பாடு என்ன என்பது எனக்குத்தான் தெரியும். காலையில் மீன் கூடையோடு திட்டிலிருந்து கிள்ளைக் கரைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரத்தில் விற்றுவிட்டுத் திரும்புகிறவள் நான். படகில் என் இடம் நடுப்பலகை.

அண்ணன் முன்னால் ஸ்டீரிங்கில் இருப்பார். மச்சான் பின்னால் எஞ்சின் பக்கத்தில். கரையில் கயிறு கட்டுவதும், ஆழமில்லாத இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிடுவதும் அவன் வேலை. அவன் காது கேட்கிற தூரத்தில் இருக்கும்போதே, "தங்கம்மா, எஞ்சினத் தூக்கச் சொல்லு" என்பார் அண்ணன். நான் திரும்பி அவனிடம் சொல்வேன். "தூக்கியாச்சின்னு சொல்லு" என்பான் அவன். இரண்டு பேரையும் ஒரே சாக்கில் கட்டித் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுக்கலாமா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

எல்லாம் அண்ணன் மகள் காயத்ரியின் கல்யாணத்தில் வந்த வினை. தாய்மாமன்தான் பெண்ணைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துவர வேண்டும். சீர்த்தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்கு வந்த ராஜமாணிக்கம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டான். முகூர்த்தம் போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்க, அண்ணன் தன் மனைவி வெண்மதிக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவனைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். ராஜமாணிக்கம் உள்ளே வந்தபோது பெண் மேடையில் இருந்தாள். தட்டுகளை ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டு, கை நனைக்காமல் போனவன்தான். அதன்பிறகு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. படகு இருவருக்கும் பொது என்பதால் அதை மட்டும் விடமுடியவில்லை.

இரண்டு வருடம் இப்படியே ஓடிற்று. காயத்ரி முழுகாமல் இருந்தாள். எங்கள் பக்கம் வளைகாப்பில் மாமன் வீட்டு வளையல்தான் முதலில் கையேற வேண்டும். "கல்யாணத்துல நடந்தது நடந்துபோச்சி. வளகாப்புக்காவது எந்தம்பி வந்துட்டா போதும் தங்கம்மா" என்று வெண்மதி என்னிடம் பலமுறை அழுதிருக்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டீரிங் போயிற்று. பழைய படகு. சக்கரத்திலிருந்து எஞ்சின் வரைக்கும் ஓடுகிற கேபிளை உப்புத் தண்ணீர் உறைக்குள்ளேயே தின்றிருக்கிறது. சக்கரம் இறுகுகிறது என்று அண்ணன் முனகிக்கொண்டேதான் இருந்தார். ஒருநாள் வாய்க்கால் நடுவில் டப்பென்று சத்தம். சக்கரம் குழந்தை விளையாடுகிற சாமான் மாதிரி சும்மா சுற்றியது. படகு சுரபுன்னைப் புதரைப் பார்த்து நேராகப் போனது.

ராஜமாணிக்கம் பாய்ந்து எஞ்சினைக் கையாலேயே பிடித்துக்கொண்டான். ஆனால் கூரையும் எங்கள் தலைகளும் மறைத்ததில் அவனுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. அண்ணனுக்கு எல்லாம் தெரிந்தது, கையில்தான் ஒன்றுமில்லை. பழக்கத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லி அவன் கேட்பதற்குள் புதர் வந்துவிடும். எழுந்து நின்று குரல் கொடுத்தார்.

"சோத்தாங்கைப் பக்கம் வுடு."

படகு வலது பக்கம் ஒடித்துத் திரும்பியது. இரண்டு வருடத்தில் மச்சானிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கடலூர் முதுநகர் மெக்கானிக் லூர்துசாமியிடம் போனில் கேட்டதற்கு, அந்தப் பழைய மாடலுக்குக் கேபிள் மெட்ராஸிலிருந்து வரவேண்டும், நாளாகும் என்றாராம். அது வரவே கூடாது என்று வெண்மதி சாமிக்கு வேண்டிக்கொண்டாள். தினமும் மச்சான் எஞ்சினைக் கையால் திருப்ப, அண்ணன் படகின் முனையில் வெயிலில் நின்று சோத்தாங்கை, பீச்சாங்கை என்று கத்தினார். பின்னாலிருந்து முதலில் "ம்" வந்தது. பிறகு "வுட்டாச்சி" வந்தது. ஒருநாள், "எதுர்ல வலை எதுனா கெடக்குதா மாமா?" என்று வந்தது. மாமா என்று கேட்டதும் அண்ணன் பதில் சொல்ல மறந்து நின்றுவிட, படகு வலையிலேயே ஏறியது. யாரும் திட்டவில்லை.

அப்புறம் மீன் விலை, மழை, ஊர் வம்பு எல்லாம் என் தலைக்கு மேலேயே போய் வந்தது. தூது வேலை பறிபோனதில் எனக்குச் சந்தோஷம்தான். அண்ணனுக்குத்தான் தொண்டை கட்டி, குரல் கீச்சென்று ஆகிவிட்டது. ஆனாலும் வளைகாப்புக்கு மச்சானைத் தானே கூப்பிடுவதாக வெண்மதியிடம் சொல்லியிருந்தார்.

காற்று எச்சரிக்கை என்று ஒருநாள் படகு ஓடவில்லை. மறுநாள் ஏறினால் புதுக் கேபிள் மாட்டியிருந்தது. முதுநகருக்குத் தானே போய்க் கேபிளை வாங்கிவந்து, குழாயில் துருப்பிடித்துச் சிக்கியிருந்த பழைய கம்பியை மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டி எடுத்து, எல்லாவற்றையும் ராஜமாணிக்கம் தனியாளாகச் செய்து முடித்திருந்தான். கன்னத்தில் கிரீஸ் கறையோடு பின்னால் உட்கார்ந்து அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் சக்கரத்தைத் தொட்டார். ஒரு விரலுக்குத் திரும்பியது. அவர் முகம் கறுத்துப்போனது. தன் குரலைக் கேட்கப் பிடிக்காமல்தான் யாரிடமும் சொல்லாமல் போய் வாங்கி வந்து மாட்டிவிட்டான் என்று அவர் மனதில் ஓடியிருக்கிறது. ஏன் மச்சான் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பாழாய்ப்போன ரோஷம்.

"ஸ்டீரிங்தான் வந்துடுச்சே தங்கம்மா. இனிமே பின்னால ஆளு எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அதைத் திரும்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை. கிள்ளை வந்ததும் ராஜமாணிக்கம் கயிற்றைக் கட்டினான், என் கூடையை இறக்கிக் கொடுத்தான், பஸ் நிற்கிற பக்கம் நடந்தான். முதுநகரில் ஒரு விசைப்படகில் சேர்ந்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

வளைகாப்பன்று வெண்மதி வெகுநேரம் வாசலைப் பார்த்தாள். அப்புறம் வேறு வளையலைப் போடச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அண்ணன் தனியாக ஓட்டினார். ஆழம் குறைகிற இடத்தில் சக்கரத்தை விட்டுவிட்டு, எங்கள் கால்களைத் தாண்டிப் பின்னால் போய் எஞ்சினைத் தூக்க வேண்டியிருந்தது. அப்படிப் போனவர் ஒருநாள் கிரீஸ் தேடி, பின்பலகைக்கு அடியிலிருந்த ராஜமாணிக்கத்தின் பெட்டியைத் திறந்தார். கிரீஸ் டப்பா, ஸ்பேனர், பழைய கேபிள் துண்டு, அடியில் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கடைப் பை ஒன்று. பைக்குள் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். கூடவே நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம். பிரித்தால், தொண்டைக்கட்டுக்கு வாயில் போட்டுக்கொள்கிற அதிமதுரமும் பனங்கற்கண்டும்.

கேபிள் வாங்கப் போன அன்றே வாங்கியிருக்கிறான். அண்ணன் அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். படகு பாட்டுக்கு ஒதுங்கிப் போனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

சாயந்திரம் அவரோடு நானும் வீட்டுக்குப் போனேன். காயத்ரிக்கு ஒன்பதாம் மாதம், கையெல்லாம் வீங்கியிருந்தது. வெண்மதி எண்ணெய் தடவிப் பார்த்தாள். வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. உடைந்துவிடப் போகிறது என்று பயந்து எடுத்துவிட்டாள்.

மாமாவுக்குப் போன் போடச் சொன்னாள் காயத்ரி. அண்ணன் போட்டார். மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் போனை என் கையில் திணித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப்புறம் எடுத்தான். பெட்டியில் இருந்ததைப் பார்த்துவிட்டோம், அண்ணன் வரச் சொல்கிறார் என்று சொன்னேன். விசைப்படகின் எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினான்.

"ஸ்டீரிங் லேசா திரும்புதான்னு கேளு தங்கம்மா."

நான் அண்ணனிடம் கேட்டேன்.

"திரும்புதுன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன்.