மாத்திரைக்கு வழியில்லை

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சனம் சாலை மறியலில் இறங்கியது. கோரிக்கை நியாயம்தான், நானும் கூட்டத்தில் கைதட்டியவன்தான். ஆனால் என் மச்சான் ராசு சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரங்களுக்கு இந்தப் பக்கம், வடக்கனந்தலில், நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு கிட்னியும் செத்துப்போனவன் நான். வாரம் தவறாமல் பாண்டிச்சேரிக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர். அந்த வாரம் பஸ் இல்லை, கார் இல்லை, மாட்டுவண்டிகூட இல்லை.

கால் வீங்கியது. பிறகு முகம். படுத்தால் மூச்சு முட்டியது. கிட்னி ஓரளவு வேலை செய்த காலத்தில் வாங்கிய நீர் மாத்திரை வீட்டில் மிச்சமிருந்தது. என் மனைவி காசியம்மாள் ஒன்று கொடுத்தாள். சொட்டு நீர் பிரியவில்லை. சாயங்காலம் இரண்டு கொடுத்தாள்.

“கரும்பு தேறலைன்னா இன்னொரு கை யூரியா போடுறோம்ல? அது மாதிரிதாங்க” என்றாள். கரும்புக்காரன் வீட்டு வைத்தியம் அப்படித்தான் இருக்கும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மறுநாள் ஒரு பிடி விழுங்கினேன்.

காதுக்குள் மோட்டார் ஓட ஆரம்பித்தது. காசியம்மாள் பக்கத்தில் நின்று பேசுவதே தூரத்தில் கேட்டது. பயந்துபோன ராசு, மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கித் தாண்டி, கள்ளக்குறிச்சியிலிருந்து டாக்டரைக் கூட்டிவந்தான்.

டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “இந்த மாத்திரை கிட்னிக்குள்ள இறங்கினாத்தான் நீரை இறக்கும். இவருக்கு அதுதான் செத்துப்போச்சே. மருந்து உடம்பை வுட்டுப் போறதும் பெரும்பாலும் மூத்திரத்தோடதான். அது இல்லாம ஈரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கழிக்கும். அதுக்குள்ள மேல மேல போட்டா ரத்தத்துலயே தேங்கிக்கினு காதைப் பிடிக்கும். நிறுத்துங்க. இன்னும் போட்டா காது மொத்தமா போனாலும் போயிடும்” என்று எனக்கும் கேட்கும்படி கத்தினார்.

“அப்ப நான் இன்னா குடுக்கிறது?” என்றாள் காசியம்மாள்.

“ஒன்னும் இல்லம்மா. மிஷினுக்குக் கூட்டினு போங்க.”

எல்லோரும் ராசுவைப் பார்த்தோம். அவன் என் காதருகே குனிந்தான். “நான் வெட்டினதை நானே நவுத்திடுவேன் மாமா. அதுக்கு அப்பால உளுந்தூர்பேட்டை வரைக்கும் வேற ஊர்க்காரங்க வெட்டிப் போட்டுக்கீறாங்க. யாரைப் போயி கேக்குறது?” என்று அழுதான். அவனை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. கையைத் தூக்க முடியவில்லை.

டாக்டர் போனபின் காசியம்மாள் என் கால்மாட்டில் உட்கார்ந்து வீக்கத்தை அமுக்கிப் பார்த்தாள். விழுந்த குழி நிரம்பவே இல்லை. எழுந்துபோய் ஒரு மடக்குத் தண்ணீரோடு வந்தாள். மறுகையில் மாத்திரை. டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எதுவும் கொடுக்காமல் என்னைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

வாயைத் திறந்தேன்.