கட்டடத்தின் அடியில் வஜீஹ்

பெய்ரூத்தில் புதிய கட்டடங்களைப் படமெடுத்துப் பிழைத்தவள் நஜ்லா. இத்தனை மாடி என்று சொன்னால் உயரம் யாருக்கும் உறைக்காது, வாசலில் ஓர் ஆளை நிறுத்தினால்தான் உறைக்கும் என்பாள். அந்த ஆள் எப்போதும் அவள் கணவன் வஜீஹ்தான்.

"ஊரே எறும்பத் தேடட்டும்னு நிக்க வெக்கிறியா? ஒரு தடவையாவது கிட்ட வந்து எடேன்!" என்று கத்துவான்.

"உன் மூக்கு படத்துக்குள்ள அடங்காதுய்யா. அசையாம நில்லு."

சண்டை மூண்ட இரண்டாம் வருடம், ரொட்டி வாங்கப் போன வஜீஹைச் சோதனைச்சாவடியில் துப்பாக்கிக்காரர்கள் காரிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். படம் ஒட்டிய அடையாள அட்டையும் அவனோடு போனது. அடுத்த வாரமே வீட்டின் மேல் குண்டு விழுந்து, கல்யாண ஆல்பம் உட்பட எல்லாம் எரிந்தன. ஸ்டுடியோவில் இருந்த நெகட்டிவ்கள்தான் மிஞ்சின.

காணாமல் போனவர்களைப் பதிவுசெய்யும் இடத்தில் படம் கேட்டார்கள். அவள் அவனை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்க ஆக்க, கண்ணும் மூக்கும் வெறும் புள்ளிகளாகச் சிதறின. இருந்ததில் நல்லதாக ஒன்றைக் கொண்டுபோனாள்.

அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதவு, படியெல்லாம் நல்லா விழுந்திருக்கும்மா. ஆளு யாருன்னுதான் தெரியல. கிட்டத்துல எடுத்தது இல்லியா?"

"இல்லிங்க."

ஆனாலும் அந்தப் படத்தோடு தினமும் அங்கே போய் நின்றாள். வாசலில் காத்திருந்த பெண்களில் ஒருத்தி, உம்மு ஃபாயிஸ், ஒருநாள் அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"எம்புள்ள! ஃபாயிஸு! தோளச் சாய்ச்சு நிக்கிறதப் பாரு!"

"இல்லம்மா, இவரு என் வீட்டுக்காரர்."

"பெத்தவளுக்குத் தெரியாதா? எப்ப எடுத்தே மகளே? நல்லா இருந்தானா?"

கிழவியின் கட்டைவிரல் முகம் இருக்கவேண்டிய இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. நஜ்லா படத்துக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"நல்லாத்தாம்மா இருந்தாரு. சிரிச்சிக்கிட்டு நின்னாரு."

படம் உம்மு ஃபாயிஸின் மார்போடு போனது. நஜ்லா ஸ்டுடியோவுக்குத் திரும்பி, அதே நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தாள். அன்றைக்கு வஜீஹ் சிரித்தானா என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

அவன் வரவே இல்லை.