மாவுக்கட்டு

"செத்தவன் கைக்கு மாவுக்கட்டு போடப் போறாளாம்! கேட்டுக்கோ சில்வியா, ஊரே சிரிக்கும். எந்தம்பி கையி இன்னா ஒடிஞ்சா பூட்ச்சி..."

"மாவுக்கட்டு இல்ல அத்த, அச்சு. ஒரு தபா நான் சொல்றத முழுசா..."

"அச்சு இன்னா அச்சு, வெல்லத்துக்கா? சாயங்காலம் பூசை, கோயில்ல ஃபாதரு காத்துகினு கீறாரு, இவ பக்கெட்ட தூக்கிகினு வந்து நிக்கிறா..."

"அரை மணி நேரம் அத்த! அரை மணி நேரம் குடு, அப்பா கைய அப்படியே..."

"தொட்டுப் பாரு, உங்கைய ஒடிச்சு நானே மாவுக்கட்டு போட்டுர்றேன்!"

கூடத்தின் நடுவே பெஞ்சின் மேல் சவப்பெட்டி. அதற்குள் அம்புரோஸ், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில், இந்தச் சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோலப் படுத்திருந்தார். வாடகை ஐஸ் பெட்டியிலிருந்து அவரைத் தூக்கி இதில் கிடத்திவிட்டு, பெட்டி செய்து கொண்டுவந்த பெனிட்டோவும் அவன் ஆட்களும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சுவரோரம் தள்ளிவிட்ட ஐஸ் பெட்டி மொசைக் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

பெட்டிக்கு இந்தப் பக்கம் ஃப்ளோரா, அம்புரோஸின் அக்கா. சின்ன வயதில் அவரை இடுப்பிலேயே தூக்கித் திரிந்ததாக இன்றைக்கும் சொல்பவள். அந்தப் பக்கம் ஜானட், ஒரே மகள், கையில் நீல பக்கெட்டும் தோளில் துணிப்பையுமாக. தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் சில்வியா. நேற்றுக் காலை கடைக்குப் பால் வாங்கப் போன மனுஷன், பாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் உக்காந்துக்கிறேன்பா" என்று கடைப் படியில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். பால் பாக்கெட்டை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அது இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

"நீ வாயத் தொறந்து சொல்லு சில்வியா. நீ பொண்டாட்டி. நீ வேணான்னா வேணா."

"அம்மா, நீயாவது கேளும்மா. அப்பா ஒத்துக்கினாரு. நானா கேக்கல. அவரு வாக்கு குடுத்தாரு."

சில்வியா பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாக்குக் கொடுத்தது உண்மைதான். ஜானட் கல்லூரியில் படிப்பது மண்பாண்டமும் பீங்கானும். "எம்பொண்ணு மண்ணுல பி.ஏ. முடிச்சிட்ச்சி, இப்ப மண்ணுல எம்.ஏ. பண்ணுது" என்று அம்புரோஸ் கல்மண்டபம் மார்க்கெட் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். கடைசி வருடத்துக் கண்காட்சிக்கு ஜானட் எடுத்துக்கொண்டது ராயபுரத்துக் கைகள். மீன் அரியும் பட்டம்மாள் கை, பஞ்சர் ஒட்டுகிறவர் கை, கோயிலில் ஆர்கன் வாசிக்கிற சிஸ்டர் கை. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர் மாவில் அச்சு எடுத்து, அச்சுக்குள் களிமண்ணை அழுத்தி, காய்ந்ததும் சூளையில் சுட்டு எடுப்பாள். கடைசிக் கை அப்பாவுடையது. அதற்கென்று அலமாரியில் இடம்கூட விட்டுவைத்திருக்கிறாளாம்.

அம்புரோஸ் துறைமுகத்தில் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் தளத்தின் விளிம்பில் நின்று, உயரத்தில் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்குக் கையாலேயே பேசுவதுதான் வேலை. அந்த இரைச்சலில் வாய் எதற்கும் உதவாது. விரலை மேலே சுழற்றினால் தூக்கு. கீழே சுழற்றினால் இறக்கு. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சாப்பிடும்போது விரலை மேலே சுழற்றினால் இன்னும் ஒரு கரண்டி குழம்பு. பெண்கள் சண்டை போட்டால், உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களைத் தளர்வாக மடக்கி, கையை மெல்லத் தாழ்த்துவார். சத்தத்தைக் குறையுங்கள் என்று அர்த்தம். அந்தக் கைக்கு ஃப்ளோராவே அடங்குவாள்.

"எந்த சிக்னல குடுக்கறதுன்னு யோசிச்சிகினு கீறேன் ஜானு" என்பார், அவள் கேட்கும்போதெல்லாம். "'நிறுத்து'ன்னு குடுத்தா டிராபிக் போலீஸ் மாதிரி ஆயிடும். 'தூக்கு'ன்னா இன்னாத்த தூக்கறதுன்னு கேப்பானுங்க. இரு, ஞாயித்துக்கெழம சொல்றேன்." ஞாயிறு வரும், அவர் மீன் வாங்கப் போய்விடுவார். இன்றைக்கு வெள்ளி.

"அரை மணி நேரந்தாம்மா" என்றாள் ஜானட். குரல் இறங்கிவிட்டது. "மூடிட்டா மூடினதுதான."

வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த பட்டம்மாள் மெதுவாக வாயைத் திறந்தாள். "எனக்குக்கூட எடுத்துச்சு இந்தப் பொண்ணு."

"நீ உசுரோட கீற!" என்றாள் ஃப்ளோரா.

"அதச் சொல்லல. பயமா ஒண்ணும் இருக்காதுன்னு சொல்றேன். மொதல்ல சில்லுனு இருக்கும், அப்பால சுடும் பாரு, ஐயோ என் கைய வேக வெக்கிறியாடின்னு கத்தினேன். அது சிரிக்குது. சுட்டு எடுத்தாந்து காட்டுச்சு, என் கையே இல்ல. சின்னதா, கொமரிப் பொண்ணு கை மாதிரி. இன்னாடி ஏமாத்தறேன்னு கேட்டா, மண்ணு காய்ஞ்சி சூளைல வெந்தா சுண்டுமாம். என் கல்யாணத்தப்ப அப்டித்தான் இருந்துச்சு எங்கை. வூட்ல எல்லாருக்கும் காட்டினேன்."

"சாவு வூட்ல பேசற பேச்சா இது?" என்றாள் ஃப்ளோரா. ஆனாலும் பட்டம்மாளின் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

சில்வியா முதல் தடவையாகப் பேசினாள்.

"அந்த மாவு தண்ணில போட்டா கட்டி தட்டுமா?"

ஜானட் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் அம்மா படிப்பைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டு. வேலை கிடைக்குமா? இந்த மண் துவைத்தால் போகுமா? மற்றதெல்லாம் கேட்டது அப்பாதான். சோற்றைப் பிசைந்துகொண்டே, சூளை எவ்வளவு சூடு, பூச்சு ஏன் வெடிக்கிறது, வாத்தியார் இன்றைக்கு என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சில்வியா பாத்திரம் கழுவுவாள். கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறாள்போல.

"தட்டாதும்மா. தண்ணிய மாவுல ஊத்தக் கூடாது. மாவத்தான் தண்ணில தூவணும்."

"கூழுக்கு மாதிரி."

"ஆமா, கூழுக்கு மாதிரி."

"கையில முடி கீதே. புடுங்கினு வந்துராது?"

"எண்ணெ தடவிட்டா ஒட்டாது."

சில்வியா எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு சமையலறைக்குள் போனாள். ஃப்ளோரா வெற்றி பெற்றவள்போல ஜானட்டைப் பார்த்தாள். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்த சில்வியாவின் ஒரு கையில் தேங்காயெண்ணெய் பாட்டில், இன்னொரு கையில் காய் நறுக்கும் பலகை.

"அடிப்பாவி" என்றாள் ஃப்ளோரா. "பொண்ணுக்குத்தான் பைத்தியம்னு பாத்தா..."

"அண்ணி, அந்த செபமாலைய நீங்களே எடுத்துருங்க. வேற யாரு கையும் பட வேணாம்."

"நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப நான் எடுக்கறேன்."

"நீ தொடாத!"

ஃப்ளோரா குனிந்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அம்புரோஸின் மார்பில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சுற்றியிருந்த மணிகளை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். கடைசிச் சுற்றும் வந்ததும் மேலே இருந்த வலது கை தனியாகத் தெரிந்தது. இரவெல்லாம் குளிரில் இருந்து விறைத்த கை. உள்ளங்கை கவிழ்ந்து, விரல்கள் தளர்வாக மடங்கி, மார்புக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

தெருமுனையில் ஒரு கண்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் ஹாரன் அடித்தது.

"பாத்தியா" என்றாள் ஃப்ளோரா. குரல் அவளுடையதாகவே இல்லை. "பாத்தியா அவன. இப்பக்கூட... சத்தம் போடாதீங்கன்றான்."

செபமாலையை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்து, சில்வியாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சீக்கிரம் பண்ணித் தொலைங்க."

ஜானட் சட்டையின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்தாள். கைக்கும் மார்புக்கும் நடுவே பலகையைச் செருகினாள். சில்வியா எண்ணெயைத் தன் உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு, அவர் கையில் தடவ ஆரம்பித்தாள். புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண். கட்டைவிரலின் அடியில் ஒரு தழும்பு. இரும்புக் கயிறு அறுத்தது என்று கல்யாணமான புதிதில் சொன்னார். அவ்வளவு குளிர்ந்த ஒன்றை அவள் அதுவரை தொட்டதில்லை. மீன்கூட இப்படி இருக்காது. எண்ணெய் அதன்மேல் உறையப் பார்த்தது.

"நகத்துலயுமா?"

"நகத்துலயும்மா."

பையிலிருந்து ஜானட் மீன்வலை பின்னும் நைலான் நூலை எடுத்தாள். மணிக்கட்டின் ஒரு பக்கத்தில் தொடங்கி, சுண்டுவிரல் ஓரமாக, விரல் நுனிகளைத் தொட்டு, கட்டைவிரலைச் சுற்றி, மணிக்கட்டின் மறுபக்கம் வரை நூலை எண்ணெயில் ஒட்டவைத்தாள்.

"இது எதுக்கு?"

"மாவு பாதி இறுகினதும் இந்த நூல இழுக்கணும். அது அறுத்துகினு வரும். அப்பதான் அச்சு ரெண்டு பாதியா பிரியும். இல்லன்னா கை உள்ளயே மாட்டிக்கும்."

"எப்ப இழுக்கணும்னு எப்டித் தெரியும்?"

"அதாம்மா கஷ்டம். சீக்கிரம் இழுத்தா திரும்ப ஒட்டிக்கும். லேட்டா இழுத்தா நூலு அந்துரும். மொத வருஷம் நான் நெறைய கெடுத்துருக்கேன்."

"அவருக்குத் தெரியுமா இது?"

"இந்த நூலே அப்பா சொன்னதுதான். காசிமேட்டுல போய் வாங்கு, அந்தாதுன்னாரு."

பக்கெட்டுத் தண்ணீரில் ஜானட் கைப்பிடி கைப்பிடியாக மாவைத் தூவினாள். வெள்ளை மாவு மிதந்து, நனைந்து, மூழ்கியது. பிறகு மூழ்க இடமில்லாமல் தண்ணீருக்கு மேலே சின்னச் சின்ன மேடாக நின்றது. அப்புறம்தான் கையை அடியில் விட்டு, நுரை எழும்பாமல் கலக்கினாள். சில்வியா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்ப்பாக இருந்தது. புளிக்காத வாசனை, மழையில் நனைந்த சுவர் மாதிரி.

முதலில் மேலே ஊற்றினாள். பிறகு கெட்டியானதை அள்ளிக் கைக்கு அடியிலும் இடுக்கிலும் அப்பினாள். விரல்கள் மறைந்தன, தழும்பு மறைந்தது, மணிக்கட்டுவரை ஒரு வெள்ளை உருண்டை. நூலின் இரண்டு நுனிகள் மட்டும் வெளியே.

"நெஜமாவே மாவுக்கட்டுதான்" என்றாள் ஃப்ளோரா, உட்கார்ந்த இடத்திலிருந்து.

ஜானட் நகத்தால் ஓரத்தைக் கீறிக் கீறிப் பார்த்தாள். கீறின இடத்தை மறுபடி தடவினாள். மறுபடி கீறினாள்.

"எனக்குத் தெரிலம்மா. கை வரல. கெட்டுப் போச்சுன்னா இன்னொண்ணு எடுக்க நேரமில்ல."

"எப்டி இருக்கணும் சொல்லு."

"கீறினா கோடு அப்டியே நிக்கணும். ஓரம் மூடிக்கக் கூடாது."

சில்வியா கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு போட்டாள். குனிந்து பார்த்தாள். கோடு அப்படியே நின்றது.

"நிக்குது."

"அப்ப இழும்மா. ரெண்டு பேரும். மெதுவா, நிறுத்தாம."

நுனிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்தார்கள். நூல் வெள்ளை உருண்டையைச் சுற்றி மெல்லிய கோடு போட்டுக்கொண்டே வந்து முழுசாக வெளியே விழுந்தது. அறுந்துபோகவில்லை. பட்டம்மாள் "யேசுவே" என்றாள், அவள் அந்தக் கோயிலுக்குப் போகிறவள் இல்லையென்றாலும்.

பிறகு காத்திருந்தார்கள். ஜானட் தரையில் உட்கார்ந்து பெட்டியின் பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வெளியே சாமியானா அடியில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம். சில்வியா, மாவு காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் அதன்மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுத்துவிட்டு மகளைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"ஜானு."

"மாவும் தண்ணியும் சேந்தா சூடாகும்மா. பட்டம்மா சொன்னாங்கல்ல. இறுகறப்ப அப்டித்தான். அப்பால ஆறிடும்."

சில்வியா தலையாட்டினாள். கையை எடுக்கவில்லை.

பெனிட்டோ வந்து வாசலில் நின்றான். கூடத்தைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். அவன் எத்தனையோ வீடுகளில் எதையெதையோ பார்த்தவன், ஒன்றும் கேட்கவில்லை. "வண்டி வந்துட்ச்சிமா" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடியைச் சுவரில் சாய்த்துவைத்தான்.

ஜானட் கோடு போன இடத்தில் உளியின் முனையை வைத்து மெல்ல நெம்பினாள். நண்டு ஓட்டைப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம். மேல்பாதி அப்படியே வந்தது. கீழ்ப்பாதியைப் பலகையோடு உருவி எடுத்தாள். இரண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஃப்ளோரா எழுந்துவந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, உள்ள ஒண்ணுமே இல்ல? காலியா கீது?"

"காலியாதான் அத்த இருக்கணும்."

ஃப்ளோரா கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கிட்டே போனாள். நகம் பதிந்திருந்தது. விரல் மடிப்பு பதிந்திருந்தது. கட்டைவிரலின் அடியில் தழும்பு, பள்ளமாக இருந்தது இங்கே மேடாக. அவள் அதைத் தொடப் போய்விட்டு விரலை இழுத்துக்கொண்டாள். "தொடு அத்த, ஒண்ணும் ஆகாது" என்றாள் ஜானட். ஃப்ளோரா தொட்டாள்.

சில்வியா முந்தானையால் அம்புரோஸின் கையைத் துடைத்தாள். எண்ணெய், விரலிடுக்கில் ஒட்டிய வெள்ளைத் துணுக்குகள், நகக்கண்ணில் ஒரு பொடி. எல்லாம் துடைத்த பிறகும் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு நின்றாள்.

"சுத்திடு சில்வியா" என்று ஃப்ளோரா செபமாலையை நீட்டினாள். இப்போது அவள் சத்தமாகப் பேசவில்லை.

சில்வியா வாங்கிக்கொள்ளவில்லை.

பெனிட்டோ மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து கால்மாட்டில் நின்றான். "மூடிரலாமாம்மா?"

"இருப்பா" என்றாள் சில்வியா. "கை இன்னும் சூடாக் கீது."